தன் பட்டியலைத் தானே எழுதும் நிரல்

சங்கத்துக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "பையன் சாஃப்ட்வேர்ல இருக்கான். காலையில உட்கார்ந்தா ராத்திரிதான் எழுந்திருக்கிறான். என்னடா வேலைன்னு கேட்டா, 'உனக்குச் சொன்னாப் புரியாதும்மா'ங்கறான்." நானும் அந்தத் துறையில் இருப்பவன்தான். புரியாது என்று சொல்வது பெரும்பாலும் சொல்பவரின் சோம்பல் என்பது என் அபிப்பிராயம். ஆகவே எங்கள் தொழிலிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன். இதே துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் கொஞ்சம் உபயோகம் இருக்கலாம்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய நிரலுக்குள் எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை மனிதர் எழுதாமல், நிரல் ஓடத் தொடங்கும்போது தன்னையே பார்த்துத் தானே எழுதிக்கொள்ளும்படி செய்ய முடியும். இது வேலையை நிறைய மிச்சப்படுத்தும். ஆனால் அப்படி எழுதப்பட்ட பட்டியலை யாரும் படித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதையும் சொல்கிறேன்.

கல்யாணச் சமையல்

ஒரு கல்யாணத்துக்குச் சமையல் ஏற்பாடு செய்கிறோம். தலைமைச் சமையல்காரர் வந்ததும், "காய் நறுக்க ரெண்டு பேர், மாவு அரைக்க ஒருத்தர், பரிமாற நாலு பேர் வேணும்" என்கிறார். அவரே தெருத்தெருவாகப் போய் ஆள் தேடுவதில்லை. காண்ட்ராக்டர் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நறுக்குபவர் இன்று ஒருவர், நாளை வேறொருவர். சமையல்காரருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நறுக்கத் தெரிந்தால் போதும்.

நிரலிலும் இப்படித்தான். ஒரு மருத்துவமனைக்கான நிரல் என்று வைத்துக்கொள்வோம். அதில் நோயாளியின் சந்திப்பு நேரத்தை மாற்றுகிற பகுதி ஒன்று இருக்கிறது. நேரம் மாறினால் நோயாளிக்குச் செய்தி போக வேண்டும். பழைய முறையில், நேரத்தை மாற்றும் பகுதி தனக்குள்ளேயே எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியை உருவாக்கிக்கொள்ளும். சமையல்காரரே ஆள் தேடப் போவது மாதிரி. இதில் இரண்டு தொல்லைகள். நாளைக்கு எஸ்எம்எஸ் வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்று முடிவெடுத்தால், நேரம் மாற்றும் பகுதியையும் பிரித்து மேய வேண்டும். இரண்டாவது, நிரலைச் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நிஜமான எஸ்எம்எஸ் கிளம்பிப் போய்விடும்.

புதிய முறையில், அந்தப் பகுதி "எனக்கு ஒரு செய்தி அனுப்பி வேண்டும்" என்று மட்டும் அறிவித்துவிட்டுச் சும்மா இருக்கும். 'செய்தி அனுப்பி' என்பது ஒரு வேலையின் பெயர், ஆளின் பெயர் அல்ல. எங்கள் பாஷையில் வேலைக்கு இன்டர்ஃபேஸ் என்றும், அந்த வேலையைச் செய்யும் ஆளுக்கு கிளாஸ் என்றும் பெயர். எந்த வேலைக்கு எந்த ஆள் என்று தெரிந்து, கேட்ட இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிற காண்ட்ராக்டருக்குக் கன்டெய்னர் என்று பெயர். இந்த ஏற்பாடு முழுவதையும் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பார்கள். ஒன்று எதைச் சார்ந்திருக்கிறதோ அதை வெளியிலிருந்து ஊட்டுவது என்று பொருள்.

வழக்கம் முன்பே இருந்தது. பெயர் பின்னால்தான் வந்தது. மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இந்தப் பெயரை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் என்ற மென்பொருள் கட்டமைப்பின் முதல் பதிப்பு வந்தது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் உலகில் ஆட்டோஃபேக், காஸில் விண்ட்ஸர் போன்றவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2016 ஜூனில் டாட்நெட் கோர் வந்தபோது மைக்ரோசாஃப்டே ஒரு கன்டெய்னரைக் கூடவே கொடுத்துவிட்டது. இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்தக் கன்டெய்னரைப் பற்றித்தான்.

பட்டியலில் என்ன இருக்கும்?

காண்ட்ராக்டர் கையில் ஒரு பட்டியல் இருக்கும் அல்லவா? கன்டெய்னருக்கும் அப்படி ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு வரியிலும் மூன்று விவரங்கள்: வேலை என்ன, ஆள் யார், அந்த ஆள் எவ்வளவு நேரம் இருப்பார். ஒரு வரியைச் சேர்ப்பதைப் 'பதிவுசெய்தல்' என்கிறோம்.

மூன்றாவது விவரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் அண்டா ஒன்றுதான். பந்திக்கு வரும் அத்தனை பேருக்கும் அதிலிருந்துதான். இதற்கு சிங்கிள்டன் என்று பெயர். வாழையிலை ஆளுக்கு ஒன்று. உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும்வரை அதே இலை, எழுந்தவுடன் எடுத்துவிடுவார்கள். இது ஸ்கோப்ட். தண்ணீர் குடிக்கும் காகிதக் கப் ஒவ்வொரு தடவையும் புதிது. இது டிரான்ஸியன்ட்.

இதில் ஒரு முறைகேடு நடக்க வாய்ப்புண்டு. அண்டா மாதிரி எப்போதும் இருக்கிற ஒன்று, ஒருவருடைய இலையைப் பிடித்து வைத்துக்கொண்டால்? அடுத்து வருபவருக்கும் அதே இலையில் பரிமாறப்படும். எச்சில் இலை! நிரலில் இதற்குப் பொருள், ஒரு நோயாளியின் விவரம் இன்னொரு நோயாளியின் திரையில் தெரியலாம் என்பது. ஆகவே மூன்றாவது கட்டத்தை யோசிக்காமல் நிரப்பக் கூடாது.

சிறிய நிரலுக்கு இருபது முப்பது வரிகளைக் கையாலேயே எழுதிவிடலாம். நிரல் வளர வளர நூறு, இருநூறு என்று போகும். புதிதாக ஒரு கிளாஸ் எழுதியவர் பட்டியலில் ஒரு வரி சேர்க்க மறந்துவிடுவார். அந்த இடத்துக்கு வரும்போது நிரல் "இந்த வேலைக்கு ஆளில்லை" என்று நின்றுவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டியலைத் திருத்தினால் ஒருவர் திருத்தம் இன்னொருவர் திருத்தத்தோடு மோதும். "இதை மெஷினே செய்யாதா?" என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

நிரல் கண்ணாடி பார்ப்பது

செய்யும். அதற்கு உதவுவதுதான் ரிஃப்ளெக்‌ஷன்.

டாட்நெட்டில் நிரலைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் கோப்புக்கு அசெம்ப்ளி என்று பெயர். டிஎல்எல் என்று முடியும் கோப்புகளைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதற்குள் கட்டளைகள் மட்டும் இருப்பதில்லை. மருந்து அட்டையின் பின்பக்கத்தில் உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்று அச்சடித்திருப்பதுபோல, இந்தக் கோப்புக்குள் என்னென்ன கிளாஸ்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தெந்த வேலைகளைச் செய்வதாகச் சொல்கிறது, உருவாக்க வேண்டுமானால் அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற விவரங்களும் சேர்ந்தே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அந்த அட்டையைத் தானே படித்துப் பார்க்க முடியும். கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்ப்பதற்குச் சமம்.

ஒரு நிரல் தன்னைப் பற்றித் தானே ஆராய முடியும் என்ற எண்ணத்தை பிரையன் கான்ட்வெல் ஸ்மித் 1982ல் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாக எடுத்துவைத்தார். 1997ல் ஜாவாவின் 1.1 பதிப்பிலும், 2002ல் டாட்நெட்டின் முதல் பதிப்பிலும் இந்த வசதி எல்லோர் கைக்கும் வந்தது. பார்க்கப்போனால் கன்டெய்னரே ரிஃப்ளெக்‌ஷனை நம்பித்தான் பிழைக்கிறது. ஒரு கிளாஸை உருவாக்க என்னென்ன வேண்டும் என்பதை அதன் அட்டையைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த வசதியையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், பட்டியலையும் அதைக்கொண்டே எழுதலாம் என்பதுதான் நாம் பேசும் உத்தி.

பட்டியல் எழுதப்படும் விதம்

படிகள் எளிமையானவை. முதலில் எந்த அசெம்ப்ளிகளில் தேடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். அடுத்து, கெட்டைப்ஸ் என்ற கட்டளையால் அதிலுள்ள எல்லா டைப்களையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, சலிக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் என்பது வேலை மட்டும்தான், அதை ஆளாக நிறுத்த முடியாது. பாதி எழுதப்பட்ட அப்ஸ்ட்ராக்ட் கிளாஸையும் நிறுத்த முடியாது. முழுமையான கிளாஸ்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நான்காவது, ஒவ்வொன்றும் எந்த வேலையைச் செய்வதாகச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாவது, அது அண்டாவா, இலையா, கப்பா என்று தீர்மானிக்க வேண்டும். கிளாஸின் தலையில் அதற்கென்று ஓர் அடையாளம் குத்தி வைக்கலாம். அட்ரிபியூட் என்பார்கள். கடைசியில் பட்டியலில் ஒரு வரி.

இருபது வரிக் கட்டளையில் வேலை முடிந்துவிடும். அதன்பின் இருநூறு கிளாஸ் சேர்த்தாலும் பட்டியலைத் தொட வேண்டாம். ஜாவாக்காரர்களுக்கு ஸ்பிரிங் 2.5 பதிப்பில், 2007லேயே, இந்த வசதி கிடைத்துவிட்டது. டாட்நெட்டில் ஆட்டோஃபேக்கிலும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கன்டெய்னருக்கு ஸ்க்ரூட்டர் என்ற சிறிய இலவச நூலகம் இதைச் செய்கிறது.

ஆனால் படிகளில் வழுக்கும் இடங்கள் உண்டு. முதல் படியில், 'தற்போது நினைவகத்தில் இருக்கும் அசெம்ப்ளிகள்' என்று கேட்டால், ஏற்கெனவே ஏற்றப்பட்டவை மட்டும்தான் வரும். டாட்நெட் ஓர் அசெம்ப்ளியைத் தேவைப்படும்போதுதான் ஏற்றும். இன்னும் தேவைப்படாத ஒன்று அந்தக் கணக்கில் வராது. வீட்டுக்கு வந்துசேர்ந்த விருந்தாளிகளை மட்டும் எண்ணிவிட்டு, ரயிலில் வந்துகொண்டிருப்பவர்களை விட்டுவிடுவது மாதிரி. ஆகவே எந்தெந்த அசெம்ப்ளி என்று பெயர் சொல்லிக் கேட்பதுதான் நல்லது.

இரண்டாவது படியில், ஓர் அசெம்ப்ளி சார்ந்திருக்கும் வேறொரு கோப்பு காணாமல் போயிருந்தால் கெட்டைப்ஸ் ஒரு பிழையைக் கிளப்பும். சிலர் அந்தப் பிழையை விழுங்கிவிட்டு, கிடைத்தவரை போதும் என்று மேலே போகும்படி எழுதிவிடுவார்கள். நிரல் அப்போதைக்குக் கிளம்பிவிடும். எந்த ஆள் வரவில்லை என்பது நடுப்பந்தியில்தான் தெரியும்.

நான்காவது படியில், ஒரு கிளாஸ் செய்வதாகச் சொல்லும் வேலைகளில் நாம் நினைக்காதவையும் இருக்கும். 'வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்வேன்' என்ற ஐடிஸ்போசபிள் என்ற பொது இன்டர்ஃபேஸை எத்தனையோ கிளாஸ்கள் ஏற்றிருக்கும். அத்தனையையும் அந்தப் பெயரில் பதிவுசெய்தால் பட்டியல் குப்பையாகிவிடும்.

எங்களுக்கு நேர்ந்தது

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு ஒரு மருத்துவமனைக்கு நிரல் எழுதிக் கொடுத்தது. மேலே சொன்ன உதாரணம் கற்பனை அல்ல. சந்திப்பு நேரம் மாறினால் நோயாளிக்குச் செய்தி போக வேண்டும். நிஜமான எஸ்எம்எஸ் அனுப்பி ஒன்று இருந்தது. எங்கள் மேஜையில் வைத்துச் சோதிப்பதற்காக, எதையும் அனுப்பாமல் 'அனுப்பியாயிற்று' என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு போலி அனுப்பியும் எழுதி வைத்திருந்தோம். அது தனி அசெம்ப்ளியில் இருந்திருக்க வேண்டும். அவசரத்தில் நிஜமான கிளாஸ்கள் இருந்த இடத்திலேயே போட்டுவிட்டோம்.

பட்டியலை நிரலே எழுதிக்கொண்டது. எழுதும்போது இரண்டையும் கண்டுபிடித்தது, இரண்டையும் பதிவுசெய்தது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் பதிவாகியிருந்தால் இந்தக் கன்டெய்னர் சண்டைபோடாது, கேள்வி கேட்காது. ஓர் ஆள்தான் வேண்டும் என்று கேட்டால், கடைசியாகப் பதிவானவரைக் கொடுக்கும். அதன் விதி அப்படி. பல மாதங்கள் நிஜமான அனுப்பி கடைசியில் இருந்தது. எல்லாம் நன்றாகவே ஓடியது.

பிறகு ஒரு நாள் எங்களில் ஒருவர் கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சிலவற்றின் பெயரை மாற்றி, சிலவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினார். கட்டளைகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கெட்டைப்ஸ் டைப்களை எந்த வரிசையில் கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. கோப்புகள் நகர்ந்ததில் வரிசை மாறியது. போலி அனுப்பி கடைசிக்கு வந்துவிட்டது.

கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அது பார்க்கும் நேரத்தில் பட்டியலே கிடையாது. சோதனைகளும் தேறிவிட்டன. வெள்ளிக்கிழமை மாலை புதிய பதிப்பை ஏற்றினோம். சனிக்கிழமை ஒரு டாக்டர் திங்களன்று விடுப்பு என்று சொல்ல, அவருடைய நோயாளிகளுக்கெல்லாம் நேரம் மாற்றப்பட்டது. திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'செய்தி அனுப்பப்பட்டது' என்று வந்தது. ஒன்றுகூடப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் நோயாளிகள் வந்து நின்றார்கள். அவர்களில் வயதான அம்மா ஒருவர், ரத்தப் பரிசோதனைக்கென்று வெறும் வயிற்றோடு, கர்ஜத்திலிருந்து விடியற்காலை லோக்கலைப் பிடித்து வந்திருந்தார். "எனக்கு மெசேஜ் எதுவும் வரலை" என்று மராத்தியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கவுன்டரில் இருந்தவர் திரையைக் காட்டி, "அனுப்பியிருக்கு பாருங்க, நீங்கதான் கவனிக்கலை" என்றாராம். கவுன்டர்காரர் மேல் தப்பில்லை. அவர் நம்பியது நாங்கள் எழுதிய நிரலை. அந்த அம்மா சொன்னது உண்மை, திரை சொன்னது பொய்.

ஒருவர் பின் ஒருவராக ஆறேழு பேர் அதையே சொன்ன பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று மத்தியானம் ஆகிவிட்டது. ஏனென்றால் எந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. தப்பு எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நிரல் ஓடும்போது நினைவகத்தில் உருவாகி, நிரல் நின்றால் மறைந்துபோகும் பட்டியலில் அல்லவா இருந்தது!

பிறகு செய்த ஏற்பாடுகள்

"பழையபடி கையாலேயே எழுதிவிடலாம்" என்று குழுவில் ஒரு கட்சி கிளம்பியது. கையால் எழுதும்போதும் தவறு வரும், அது வேறு மாதிரித் தவறு. கடைசியில் நிரலே பட்டியலை எழுதட்டும், ஆனால் எழுதியதைக் காட்டட்டும் என்று முடிவுசெய்தோம். அதன்படி ஐந்து ஏற்பாடுகள்.

ஒன்று, வலையைச் சிறிதாக்கினோம். கண்ணில் பட்ட எல்லாக் கிளாஸையும் எடுக்காமல், 'என்னைப் பதிவுசெய்' என்ற அடையாளம் தலையில் உள்ளவற்றை மட்டும் எடுக்கும்படி மாற்றினோம். அண்டாவா, இலையா, கப்பா என்பதையும் அந்த அடையாளத்திலேயே எழுதியாக வேண்டும். போலிகளைத் தனி அசெம்ப்ளிக்கு அனுப்பினோம். அந்த அசெம்ப்ளி மருத்துவமனைக்குப் போகும் மூட்டையில் சேராது.

இரண்டு, ஒரே ஆள் இருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு பேர் பதிவானால் நிரல் கிளம்பவே கூடாது. மைக்ரோசாஃப்ட் கன்டெய்னரின் பட்டியல் சாதாரணப் பட்டியல்தான், வரிவரியாக எண்ணிப் பார்க்கலாம். இரட்டை இருந்தால் பெயரைச் சொல்லி நின்றுவிட வேண்டும். ஸ்க்ரூட்டரிலும் இரட்டை வந்தால் பிழை கிளப்பும்படி சொல்ல வசதி உண்டு. 'ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் சேர்' என்கிற டிரைஆட் கட்டளையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் கடைசி ஆளுக்குப் பதில் முதல் ஆள் ஜெயிப்பார், அவ்வளவுதான். வரிசையை நம்பியிருப்பது மாறவில்லை. ஒரே வேலைக்குப் பலர் வேண்டிய இடங்களும் உண்டு. எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்ப வேண்டுமானால் இருவரையும் கேட்டு வாங்கலாம். அத்தகைய வேலைகளைத் தனியே குறித்து வைத்தோம்.

மூன்று, கிளம்பும்போதே சரிபார்ப்பு. 2019ல் வந்த டாட்நெட் கோர் 3.0 முதல், கன்டெய்னர் உருவாகும்போதே பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் உருவாக்க முடியுமா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அண்டா இலையைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கும் வசதியும் உண்டு. வழக்கமான அமைப்பில் இவை இரண்டும் நிரல் எழுதுபவரின் கணினியில் மட்டும்தான் தானாக வேலை செய்யும், வாடிக்கையாளரிடம் ஓடும்போது செய்யாது. நாமாகத்தான் அங்கேயும் இயக்க வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் போலி அனுப்பியை இந்தச் சரிபார்ப்பு பிடித்திருக்காது. அதை உருவாக்க முடியும் அல்லவா? ஆள் இருக்கிறாரா என்று இது பார்க்கும், சரியான ஆளா என்று பார்க்காது.

நான்கு, பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைப்பது. நிரல் கிளம்பியதும் எந்த வேலைக்கு எந்த ஆள் என்று அகரவரிசையில் எழுதிவிடும். போன பதிப்பின் பட்டியலோடு இன்றைய பட்டியலை ஒப்பிட ஒரு சோதனை வைத்தோம். ஒரு வரி மாறினாலும் சோதனை நின்றுவிடும். ஒருவர் அதைப் படித்து, "ஆமாம், இது வேண்டுமென்றே செய்த மாற்றம்தான்" என்று ஒப்புக்கொண்டால்தான் மேலே போகும். எங்கள் விபத்தை உறுதியாகத் தடுத்திருக்கக்கூடியவை இதுவும், முதல் இரண்டு ஏற்பாடுகளும்தான்.

ஐந்து, போலிக்கும் நாணயம் வேண்டும். சோதனைக்கான அனுப்பி இனி 'அனுப்பப்பட்டது' என்று சொல்லாது, 'சோதனை, அனுப்பப்படவில்லை' என்றுதான் பதில் தரும். திரையிலும் அதுவே தெரியும்.

வெளியாட்கள் வரும்போது

பட்டியலை ஓடும்போதுதான் எழுத முடியும் என்ற நிலைமையும் உண்டு. கணக்கெழுதும் நிரல் ஒன்றுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் துணைப் பகுதிகளை எழுதிக் கொடுக்கலாம். ஒரு ஃபோல்டரில் புதிய டிஎல்எல் கோப்பைப் போட்டால், அடுத்த முறை கிளம்பும்போது நிரல் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிளக்இன் என்பது இதுதான். நிரலை எழுதும் நேரத்தில் அந்தக் கோப்பே பிறந்திருக்காது என்பதால் இங்கே ரிஃப்ளெக்‌ஷனைத் தவிர எளிய வழி கிடையாது.

இங்கே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ளவர் யாராக இருந்தாலும், நம் நிரலுக்குள் தன் ஆளை நுழைத்துவிட முடியும். சமையலறைக் கதவைத் திறந்துபோட்டு, உள்ளே வருகிறவனுக்கெல்லாம் கரண்டி கொடுப்பது மாதிரி. அந்த ஃபோல்டரைப் பூட்டி வைக்க வேண்டும். வந்த கோப்பு நாம் எதிர்பார்த்ததுதானா என்று சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் கன்டெய்னரில் பட்டியலை வைத்துக் கன்டெய்னரைக் கட்டி முடித்த பிறகு, பட்டியலில் எதைச் சேர்த்தாலும் ஏற்கெனவே கட்டிய கன்டெய்னருக்கு அது தெரியாது. 'ஓடும்போது பதிவுசெய்தல்' என்று பெயர் இருந்தாலும் அது கிளம்பும் நேரத்தில் நடப்பதுதான். பந்தி நடுவில் ஆள் மாற்ற முடியாது. எனக்குக் கேட்டால் அது நல்லதுதான்.

இப்போது காற்று வீசும் திசை

இந்த உத்தி பரவி ஏறத்தாழ இருபது வருடங்கள் ஆன பிறகு, இப்போது திரும்பி நடக்கும் போக்கு ஒன்றும் தெரிகிறது. பட்டியலை இயந்திரமே எழுதட்டும், ஆனால் நிரல் ஓடும்போது வேண்டாம், கம்பைல் செய்யும்போதே எழுதட்டும் என்கிறார்கள். ஆண்ட்ராய்டு உலகில் பழக்கமான டேகர் அப்படிப்பட்டது. டாட்நெட்டிலும் 2020ல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து, கம்பைல் ஆகும்போதே கூடுதல் கட்டளைகளை எழுதிச் சேர்க்கும் சோர்ஸ் ஜெனரேட்டர் வசதி இருக்கிறது. இதில் பட்டியல் கண்ணால் பார்க்கக்கூடிய கோப்பாகவே கிடைக்கும். ஆளில்லாத வேலையைக் கம்பைலரே சுட்டிக்காட்டும்படி செய்ய முடியும்.

இந்தப் போக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிரல் சிறிதாகவும் சட்டென்று கிளம்புவதாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக, யாரும் நேரடியாகப் பயன்படுத்தாத பகுதிகளை வெட்டியெறியும் வழக்கம் வந்திருக்கிறது. 2022ல் வந்த டாட்நெட் 7, நிரலை முன்கூட்டியே முழு இயந்திர மொழிக்கு மாற்றும் நேட்டிவ் ஏஓடி முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையிலும் இந்த வெட்டு உண்டு. ரிஃப்ளெக்‌ஷன் மூலம் மட்டுமே கண்டுபிடிக்கப்படும் கிளாஸை எந்தக் கட்டளையும் பெயர் சொல்லி அழைத்திருக்காது. வெட்டும் கருவிக்கு அது வேண்டாத பொருளாகத் தெரியும், வெட்டிவிடும். ஓடும்போது தேடினால் ஆள் இருக்க மாட்டார்.

அதற்காக ஓடும்போது தேடும் முறை பழசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் என்று பெரிய நிரல்கள் ஓடும் இடங்களில் அது இன்றும் இருக்கிறது. பிளக்இன் தேவைப்படும் இடங்களில் இனிமேலும் இருக்கும்.

வீட்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பிள்ளை இருந்தால், அடுத்த தடவை "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்க புரோகிராம்ல யாருக்கு என்ன வேலைங்கற லிஸ்டை யாரு எழுதறா? அதை யாரு படிச்சுப் பார்க்கறா?" முதல் கேள்விக்குப் பதில் உடனே வரும். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசிப்பான். யோசிக்கட்டும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எங்கள் குழுவிலிருந்து இருவர் மறுநாள் போனோம். "பரவாயில்லைப்பா, அடுத்த தடவை மெசேஜ் வந்தால் போதும்" என்று மராத்தியில் சொல்லிவிட்டு டீ கொடுத்தார். அடுத்த தடவை வந்தது.